பெட்டி முந்துமா, நான் முந்துவேனா: காஸ்பியன் வழியே பதின்மூன்று நாள்

நாள் 1, அல்மாட்டி

இருபது வருடமாக எனக்குக் காகித வேலை. ஏற்றுமதிச் சரக்குக்கு பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) அடிப்பது, சீல் நம்பர் சரிபார்ப்பது, ஒரு எழுத்து தப்பினால் பெட்டி எந்தத் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுவது. சரக்கு போகிற ஊர்களின் பெயரெல்லாம் மனப்பாடம். ஒன்றுக்கும் நான் போனதில்லை. இந்த முறை விடுப்பு கிடைத்ததும் ஒரு கிறுக்குத்தனம் தோன்றியது: ஒரு கன்டெய்னர் போகிற வழியிலேயே நாமும் போய்ப் பார்த்தால் என்ன?

2024 செப்டம்பர் கடைசி வாரம். சீனாவின் மேற்கு எல்லையில் தொடங்கி, கஜகஸ்தான், காஸ்பியன் கடல், அஜர்பைஜான், ஜார்ஜியா, துருக்கி என்று ஐரோப்பா வரை நீளும் பாதைக்கு எங்கள் தொழிலில் ‘மிடில் காரிடார்’ என்று பெயர். கஜகஸ்தான், அஜர்பைஜான், ஜார்ஜியா மூன்றும் 2014-ல் இதற்கென்று ஒரு ஒருங்கிணைப்புக் குழு வைத்தன. 2017-ல் அது அஸ்தானாவில் அலுவலகம் வைத்த ஒரு சங்கமாயிற்று. அப்போதெல்லாம் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. ரஷ்யா, பெலாரஸ் வழியாகப் போகிற வடக்குப் பாதை மலிவு, வேகம். எல்லாரும் அதிலேயே அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வெடித்ததும் தொலைபேசி ஒலித்தபடியே இருந்தது. "ரஷ்யா வேண்டாம், வேறு வழி இருக்கா?"

இருந்த வேறு வழி இதுதான். நாளை, சீன எல்லையில் இருக்கும் கோர்கோஸ்.

நாள் 2, கோர்கோஸ்

அல்மாட்டியிலிருந்து கிழக்கே காரில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் சீனாவின் லியான்யுங்காங் துறைமுகத்தையும் இணைக்கிற 8,445 கி.மீ. நெடுஞ்சாலையின் ஒரு துண்டு இது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. தூரத்தில் பனி மூடிய மலை. அந்த வெட்டவெளியின் நடுவே, பக்கத்தில் கடல் என்ற பேச்சுக்கே இடமில்லாத இடத்தில், ஒரு துறைமுகம். உலர் துறைமுகம் என்பார்கள். 2015-ல் வேலையைத் தொடங்கியது. 2017-ல் சீனாவின் காஸ்கோ கப்பல் நிறுவனமும் லியான்யுங்காங் துறைமுகமும் சேர்ந்து இதில் 49 சதவீதப் பங்கை வாங்கின.

எனக்குத் தெரிந்த ஒரு சரக்கு ஏஜென்ட் முன்கூட்டியே அனுமதி வாங்கித் தந்திருந்தார். தலையில் ஹெல்மெட், மேலே மஞ்சள் சட்டை. மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. சரி.

இங்கே நடப்பது ஒரே ஒரு வேலைதான். சீனத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மி.மீ. பழைய சோவியத் நாடுகளில் 1,520 மி.மீ. வித்தியாசம் 85 மி.மீ. கையை நீட்டி அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட என் நடுவிரல் நீளம். இந்த ஒரு விரலுக்காகத்தான் இத்தனை கிரேன், இத்தனை ஆள், இத்தனை விளக்குக் கம்பம். சீன ரயில் ஒரு பக்கம் வந்து நிற்கிறது, கஜக் வேகன்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் காலியாக நிற்கின்றன. மேலே பாலம் மாதிரி நிற்கிற கிரேன், ஒவ்வொரு பெட்டியாக இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைக்கிறது.

கன்டெய்னரின் நாலு மூலையிலும் முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை இருக்கும். படத்தில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், வேலை செய்வதை இன்றுதான் பார்த்தேன். கிரேனின் சட்டம் இறங்குகிறது. நாலு ஆணிகள் நாலு ஓட்டைக்குள்ளும் போகின்றன. கால் வட்டம் திரும்புகின்றன. ‘டக்’. அவ்வளவுதான், முப்பது டன் கனமுள்ள பெட்டி காகிதப் பை மாதிரி மேலே போகிறது. 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பியதிலிருந்து இந்தத் தொழிலே மாறியது என்பார்கள். அதில் பாதிப் பெருமை இந்த ஓட்டைக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. உலகம் முழுக்க ஓட்டை ஒரே அளவு. தண்டவாளத்தை ஒரே அளவாக்க முடியவில்லை, ஓட்டையில் ஒத்துப்போய்விட்டார்கள்.

ஏஜென்ட் ஒரு நீலப் பெட்டியைக் காட்டினார். ஒரு மூலை நசுங்கியது, நம்பர் 4417-ல் முடிகிறது. உள்ளே வாஷிங் மெஷின் உதிரி பாகம், போக வேண்டிய இடம் இஸ்தான்புல் பக்கம். "இதை வேண்டுமானால் தொடர்ந்து போங்கள், எங்கே இருக்கிறது என்று செய்தி அனுப்பச் சொல்கிறேன்" என்றார். கைகுலுக்கிக்கொண்டோம். யார் முதலில் துருக்கிக்குள் கால் வைப்பது என்று எனக்கும் பெட்டிக்கும் போட்டி.

நாள் 4 முதல் 6 வரை, ரயிலில்

அல்மாட்டியிலிருந்து காஸ்பியன் கரைக்கு ரயில். இரண்டு ராத்திரிக்கு மேல். கஜகஸ்தான் எத்தனை பெரியது என்று வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. படுத்து எழுந்தால் அதே புல்வெளி, மறுபடி படுத்து எழுந்தாலும் அதே புல்வெளி. ஒரு ராத்திரி நடுவில் தோரெதாம் என்ற ஸ்டேஷன் வந்து போனது. பைக்கானூர் ராக்கெட் ஏவுதளத்துக்கான ஸ்டேஷன் அது. நான் தூங்கிவிட்டேன்.

எதிர்ப் படுக்கையில் ஒரு மூதாட்டி. எல்லாரும் அவரை ‘அபா’ என்று கூப்பிட்டார்கள். கஜக் மொழியில் வயதில் மூத்த பெண்ணுக்கு அந்தப் பெயராம். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அது ‘அப்பா’ என்றே வந்தது, அவருக்கு ஒரே சிரிப்பு. ரயில் பெட்டியின் கோடியில் வெந்நீர்க் கொதிகலன். நான் கோப்பையோடு நடக்கும்போதெல்லாம் தன் கோப்பையையும் நீட்டுவார்.

ஷல்கர் தாண்டியதும் அடிக்கடி நின்றோம். ஒற்றைத் தண்டவாளம். ஒவ்வொரு முறையும் எதிரே நீளமான கன்டெய்னர் ரயில் கடந்து போனது. எண்ணினேன்: ஐம்பதுக்குப் பக்கம் நாற்பதடிப் பெட்டிகள். 2014 வரை கிழக்கிலிருந்து காஸ்பியன் கரையில் இருக்கும் கஜகஸ்தான் துறைமுகமான அக்தாவ் போக ரயில் பெரிய சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. அந்த வருடம் ஜெஸ்கஸ்கானிலிருந்து பெய்னெவ் வரை 988 கி.மீ. புதுப் பாதையைத் திறந்து அந்தச் சுற்றைக் குறைத்தார்கள். இப்போது நான் உட்கார்ந்திருப்பது அதன் மேற்குத் துண்டில்.

ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். ஒரு ரயிலுக்கு ஐம்பது நாற்பதடிப் பெட்டி என்றால் இருபதடிக் கணக்கில் நூறு. இன்றைய பெரிய கன்டெய்னர் கப்பல் ஒன்று இருபதடிக் கணக்கில் 20,000-க்கு மேல் தாங்கும். அதாவது ஒரு கப்பலுக்கு இருநூறு ரயில். ஆகவே இந்தப் பாதை வந்து சூயஸ் கால்வாயைச் சாப்பிட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 முழுவதும் இந்த வழியாகப் போனது சுமார் 27 லட்சம் டன். உலக வங்கி அதே வருடம் வெளியிட்ட ஆய்வில், செய்ய வேண்டியதைச் செய்தால் 2030-க்குள் 1.1 கோடி டன் வரை போகலாம், நேரமும் பாதியாகலாம் என்றது. அந்த ‘செய்ய வேண்டியது’ என்ன என்பதைப் பார்க்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்று அபாவுக்கு விளக்கப் பார்த்தேன். போனில் மொழிபெயர்த்ததைப் படித்துவிட்டு, "பெட்டி பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நாள் 7, அக்தாவ்

இந்த ஊரில் தெருவுக்குப் பெயர் கிடையாது. வட்டார எண், கட்டட எண், வீட்டு எண் என்று மூன்று எண்கள்தான் முகவரி. கன்டெய்னர் யார்டில் பெட்டிக்கு இடம் குறிப்பதும் இப்படித்தான், வரிசை, அடுக்கு, உயரம். அதனால் வந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஊர் பிடிபட்டுவிட்டது.

சோவியத் காலத்தில் யுரேனியத்துக்காகவும் எண்ணெய்க்காகவும் பாலைவனத்தில் எழுப்பிய ஊர். நன்னீர் கிடையாது. 1973-ல் ஒரு அணு உலையைக் கட்டி, அதன் வெப்பத்தில் கடல்நீரைக் குடிநீராக்கி ஊரை வாழ வைத்தார்கள். 1999-ல் உலையை மூடிவிட்டார்கள். கடலோரமாக நடந்தால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் கலங்கரை விளக்கம். கீழே பால்கனியில் துணி காய்கிறது, மேலே கப்பலுக்கு வெளிச்சம்.

கடலைப் பார்த்தேன், அழகு. ஆனால் தண்ணீர் பழைய கரையை விட்டு உள்ளே போயிருக்கிறது. முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் வெளுத்த பாறை, பாசி காய்ந்த கோடு. காஸ்பியன் உண்மையில் கடல் இல்லை, வெளியே போக வழியில்லாத நீர்நிலை. பெருங்கடல் மட்டத்தைவிட சுமார் 29 மீட்டர் தாழ்வில் கிடக்கிறது. ஆறுகளிலிருந்து வரும் தண்ணீரில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ரஷ்யாவின் வோல்கா ஆறு தருவது. 1990-களின் நடுவிலிருந்து மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 2023 ஜூனில் இந்த நகரம் அதற்காக அவசரநிலையே அறிவித்தது. ஆழம் குறைந்தால் கப்பல் முழுச் சுமை ஏற்ற முடியாது, ஏற்றினால் தரை தட்டும். துறைமுகத்தைத் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, பெரிய கப்பலாகக் கொண்டுவந்தால்? எங்கிருந்து கொண்டுவருவது? வெளி உலகத்திலிருந்து காஸ்பியனுக்குள் கப்பல் வர ரஷ்யாவின் ஆறுகளும் கால்வாய்களும்தான் வழி, முக்கியமாக வோல்கா-டான் கால்வாய். அவற்றின் மதகுகளுக்குள் அடங்குகிற கப்பல்தான் வரும். இல்லையென்றால் இங்கேயே கட்ட வேண்டும்.

இது கடலா, ஏரியா என்று கரையோர நாடுகள் ஐந்தும் இருபது வருடத்துக்கு மேல் சண்டை போட்டன. கடல் என்றால் பங்கு பிரிக்கும் விதி ஒன்று, ஏரி என்றால் இன்னொன்று. 2018 ஆகஸ்ட் 12-ம் தேதி இதே அக்தாவில் ஐந்து நாட்டுத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். கடலும் இல்லை, ஏரியும் இல்லை, தனக்கென்று தனி விதி உள்ள நீர்ப்பரப்பு என்று முடிவு. காகித வேலைக்காரனாக எனக்கு அந்த வாசகத்தின் மேல் பெரிய மரியாதை. எதையும் சொல்லாமல் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிய வாசகம்.

ராத்திரி செய்தி வந்தது: 4417 இன்னும் ரயிலில். நான் முன்னால்.

நாள் 8, குரிக்

அக்தாவுக்குத் தெற்கே லாரிகளும் ரயில் வேகன்களும் படகு ஏறுகிற துறைமுகம். வெளியே வரிசையாக லாரிகள். துருக்கி எண் போட்டவை நிறைய. காற்று அடிக்கிறது என்றால் சாதாரணக் காற்று இல்லை, கார் கதவைத் திறக்க இரண்டு கை வேண்டும்.

ஒரு துருக்கி டிரைவர் லாரியின் வயிற்றுப் பக்கம் ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே முழுச் சமையலறை. கேஸ் அடுப்பு, கெட்டிலின் மேல் இன்னொரு கெட்டில், சர்க்கரை டப்பா, கொக்கியில் தொங்கும் ஸ்பூன்கள். காற்று படாமல் கதவையே தடுப்பாகச் சாய்த்து வைத்துக்கொண்டார். என்னை ‘அபி’ என்று கூப்பிட்டார், அண்ணன் என்று பொருளாம். கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. எத்தனை நாளாக இங்கே என்று கேட்டேன். நாலு விரல் காட்டினார். கப்பல் எப்போது வரும் என்று கேட்டேன். வானத்தைக் காட்டினார்.

இந்த இடம்தான் இந்தப் பாதையின் குணத்தைச் சொல்கிறது. எலும்பு வலிப்பதில்லை, மூட்டுதான் வலிக்கிறது. புல்வெளியில் ரயில் ஒரு நாளில் பல நூறு கி.மீ. போகிறது. அதெல்லாம் எலும்பு. கோர்கோஸ் ஒரு மூட்டு, இந்தக் கரை ஒரு மூட்டு, எதிர்க்கரை ஒரு மூட்டு, ஜார்ஜிய மலையில் இன்னொன்று. வடக்குப் பாதையில் சீன எல்லையில் ஒரு முறை, பெலாரஸ்-போலந்து எல்லையில் ஒரு முறை மாற்றினால் போதும். நடுவே கஜகஸ்தான், ரஷ்யா, பெலாரஸ் மூன்றும் ஒரே சுங்க ஒன்றியம். இங்கே கஜகஸ்தான், அஜர்பைஜான், ஜார்ஜியா, துருக்கி என்று நாலு சுங்கம், நாலு கட்டணப் பட்டியல். ஆளாளுக்கு ஒரு விலை, ஆளாளுக்கு ஒரு நாள். கஜகஸ்தான், அஜர்பைஜான், ஜார்ஜியா ரயில்வேக்கள் மூன்றும் 2023 அக்டோபரில் சமபங்கில் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கி, வாடிக்கையாளருக்கு ஒரே விலை சொல்வோம் என்றார்கள். எனக்குக் கேட்டால், புதுத் தண்டவாளத்தைவிட இது பெரிய சாதனை. ஒழுங்காக நடந்தால்.

நாள் 9, விமானத்தில், பிறகு பாகு

எனக்குப் படகு கிடையாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய தரை, கடல் எல்லைகளை அஜர்பைஜான் 2024-லும் பயணிகளுக்குத் திறக்கவில்லை. சரக்கு வரலாம், ஆள் விமானத்தில்தான் வரவேண்டும். வாஷிங் மெஷின் உதிரி பாகத்துக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லை.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பறந்தோம். அக்தாவை விட்டுக் கிளம்பியதும் கீழே ஏழு கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்பது தெரிந்தது. கடல் முழுக்க வெள்ளை நுரை.

நாள் 10, அலாத்

அஜர்பைஜான் தலைநகர் பாகுவின் துறைமுகத்தை நகர நடுவிலிருந்து எடுத்து, 70 கி.மீ. தெற்கே அலாத்தில் வைத்துவிட்டார்கள். 2018-ல் திறந்தார்கள். முதல் கட்டத்தின் கொள்ளளவு வருடத்துக்கு 1.5 கோடி டன். இடம் தாராளம், தண்டவாளம் தாராளம்.

ஆனால் வாசலில் இரண்டரை மணி நேரம் நின்றேன். ஒரு அலுவலகம் அனுப்பிய அனுமதிக் கடிதத்தில் என் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் தவறு. 3-க்குப் பதில் 8. காவலர் கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். இருபது வருடம் அடுத்தவர் காகிதத்தில் தப்புக் கண்டுபிடித்த பாவம், ஒரே மதியத்தில் திரும்ப வந்தது.

உள்ளே போனபோது ஒரு ரயில் படகு கரையோடு ஒட்டி நின்றது. படகின் பின்பக்கம் வாய் மாதிரித் திறந்திருக்க, உள்ளே தண்டவாளம். கரைத் தண்டவாளத்தின் நுனியும் படகுத் தண்டவாளத்தின் நுனியும் சேருகிற இடத்தில் ஒருவர் குனிந்து, கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடி காட்டினார். எஞ்சின் மெதுவாகத் தள்ள, எண்ணெய் வேகன்கள் ஒவ்வொன்றாகக் கப்பலுக்குள் உருண்டன. ஒவ்வொரு சக்கரமும் அந்த இடைவெளியைத் தாண்டும்போது படகு லேசாக அமுங்கி எழுந்தது. இரண்டு கரையிலும் 1,520 மி.மீ.தான், அதனால் இங்கே பெட்டியைத் தூக்கவே வேண்டாம். சோவியத் யூனியன் விட்டுப்போன ஒற்றுமை.

4417: அக்தாவ் வந்து சேர்ந்தது. பலத்த காற்றால் துறைமுகத்தில் வேலை நிறுத்திவைப்பு.

நாள் 11, திபிலிசி

மறுபடி விமானம், ஜார்ஜியாவின் தலைநகருக்கு. 2020-ல் நின்ற பாகு-திபிலிசி பயணி ரயிலும் 2024-ல் ஓடவில்லை. மழை, அறையிலேயே இருந்தேன்.

என் தொழில் சம்பந்தமான ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். ரயில் சரக்கில் உலகம் இரண்டு காகிதங்களாகப் பிரிந்து கிடக்கிறது. சீனா முதல் ஜார்ஜியா வரை ஒரு சட்டம், அதன் சரக்குச் சீட்டுக்கு எஸ்எம்ஜிஎஸ் என்று பெயர். துருக்கியும் ஐரோப்பாவும் சிஐஎம். சரக்கு தொலைந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் கேட்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டிலும் வேறு வேறு. முன்பெல்லாம் எல்லையில் ஒருவர் உட்கார்ந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் திருப்பி எழுதுவார். தப்பு பிறக்கிற இடமே அதுதான், நேற்று என் பாஸ்போர்ட்டுக்கு நடந்த மாதிரி. 2006-லிருந்து இரண்டையும் ஒரே தாளில் சேர்த்த பொதுச் சீட்டு புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு யாரும் ரிப்பன் வெட்டிப் படம் எடுத்ததாக நினைவில்லை. 2024 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் இந்த வழித்தடத்துக்கு 1,000 கோடி யூரோ என்று அறிவித்தபோது கேமரா நிறைய இருந்தது.

நாள் 12, அகல்கலகி

திபிலிசியிலிருந்து வேனில் மலை ஏறினோம். மேலே ஏறியதும் மரமே இல்லாத மேட்டுநிலம், நல்ல குளிர்.

இந்தச் சின்ன ஊரில்தான் மறுபடி அந்த 85 மி.மீ. குறுக்கே வருகிறது. சோவியத் அகலம் இங்கே முடிகிறது, ஐரோப்பிய அகலம் தொடங்குகிறது. நீளமான கொட்டகைக்குள் வேகனை அப்படியே மேலே தூக்கி, கீழே சக்கரச் சட்டத்தை உருட்டி வெளியே எடுத்து, வேறு அகலத்துச் சட்டத்தை உள்ளே தள்ளுகிறார்கள். கன்டெய்னராக இருந்தால் கிரேன் தூக்கி மாற்றும். எனக்கு இங்கே அனுமதி கிடைக்கவில்லை, வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான். கொட்டகைக்குள்ளிருந்து இரும்பு மோதும் சத்தம் மட்டும் வந்தது.

பாகு-திபிலிசி-கார்ஸ் ரயில் பாதையை 2017 அக்டோபர் 30-ல் திறந்தார்கள். அதில் ஒரு பழைய காயம் இருக்கிறது. துருக்கியின் கார்ஸிலிருந்து ஆர்மேனியாவின் கும்ரி வழியாக ஏற்கெனவே ஒரு ரயில் பாதை இருந்தது. ஆர்மேனியாவும் அஜர்பைஜானும் மோதிய கராபாக் போரை ஒட்டி 1993-ல் துருக்கி எல்லையை மூடியதும் அது செத்துப்போனது. இருக்கிற பாதையைத் திறக்காமல் ஆர்மேனியாவைச் சுற்றிப் புதிதாகப் போடுவதற்குப் பணம் தரமாட்டோம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அஜர்பைஜான் தன் எண்ணெய்ப் பணத்திலிருந்து ஜார்ஜியாவுக்கு 25 வருடக் கெடுவில் 1 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்தது. அந்தப் பணத்தில் வந்த தண்டவாளம்தான் என் எதிரே கிடக்கிறது. அகல்கலகியில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆர்மேனிய இனத்தவர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தேநீர்க் கடையில் பாதையைப் பற்றிக் கேட்டேன். "இரைச்சல்தான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் டிவியைத் திருப்பினார்.

நாடுகளின் ஒத்துழைப்பு என்று மேடையில் சொல்கிறார்கள். வரைபடத்தில் பாருங்கள்: ஒத்துழைக்கிறவர்களை இணைக்கிற அதே கோடு, ஒத்துப்போகாதவர்களைச் சுற்றி வளைகிறது.

4417: அக்தாவ். காத்திருக்கிறது.

நாள் 13, கார்ஸ்

இந்தப் பாதையில் 2024-லும் பயணி ரயில் வரவில்லை. டாக்ஸி பிடித்துக் கர்த்சாகி எல்லைக்கு வந்து, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே துருக்கிக்குள் போனேன். அதிகாரி முத்திரை குத்தினார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கோர்கோஸ் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சீன எல்லை என்றேன். "ஏன் நேராக விமானத்தில் வரவில்லை?" என்றார். அபாவின் கேள்விதான், வேறு மொழியில்.

சாயந்தரம் கார்ஸ் ஸ்டேஷன். பனியில் கறுத்த கல் கட்டடம். பக்கத்துத் தண்டவாளத்தில் கன்டெய்னர் ரயில் ஒன்று நின்றது. பழக்க தோஷத்தில் கடைசி வேகன் வரை நடந்து ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் படித்தேன். நீலம் நிறைய இருந்தது. நசுங்கிய மூலை ஒன்றும் இல்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு ஏஜென்டிடமிருந்து செய்தி. காற்று குறைந்துவிட்டது, 4417 கப்பல் ஏறிவிட்டது. கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார்: விளக்கு வெளிச்சத்தில் நீலப் பெட்டி அந்தரத்தில் தொங்குகிறது, நாலு மூலையிலும் ஆணி.